பின்வளவு வேலியைச் செப்பனிடுதல்

நெல்லும் காய்கறியும் செய்கை பண்ணும் கமக்காரர் விதை, பசளை, நீர், பூச்சிக்கொல்லி ஆகியவற்றைக் குறித்து எம்மிடம் அடிக்கடி விசாரிப்பதுண்டு. வேலியைக் குறித்து விசாரிப்பவர் மிகச் சிலரே. தெருப்பக்கத்து வேலியை ஆண்டு தவறாது புதுக் கிடுகு கொண்டு அடைப்பவர்கள்கூட, வீட்டின் கோடிப்புறத்து வேலியை அடுத்த வருடம் பார்த்துக் கொள்ளலாமென்று விட்டுவிடுகின்றனர். ஊரார் கண்ணுக்குத் தெரிவது தெருவேலி. ஆடும் கட்டாக்காலி மாடும் தேடுவதோ கோடிப்புறத்துப் பொட்டு. நாற்றுமேடையும், கத்தரி மிளகாய்ப் பாத்திகளும் பெரும்பாலும் அப்பக்கத்திலேயே அமைந்திருப்பதால், ஒரு மாதத்து உழைப்பு ஓர் இரவில் அழிந்துபோக அந்த ஒரு பொட்டே போதுமானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் வழங்கிவரும் கதியால் வேலியைப் பற்றியே இங்கு கூறப்படுகின்றது. மதில் கட்ட வசதியுள்ளவர் கட்டுவதை நாம் தடுக்கவில்லை. ஆயினும் மதில் குழை தராது. ஆட்டுக்குத் தீனும் தராது.

என் வீட்டில் நேர்ந்த ஒரு நட்டத்தை முதலிற் கூறுகின்றேன். விவசாயப் பாடசாலைப் பயிற்சியை முடித்து, போதனாசிரியனாக வேலையேற்ற முதலாவது ஆண்டில், எங்கள் பின்வளவில் அரைப் பரப்பளவில் கத்தரி நட்டிருந்தேன். அப்பக்கத்து வேலி 60 அடி நீளமுடையது. கிடுகுகள் உக்கிப்போயிருந்தமையால் பழைய கிடுகைக் கழற்றாமலே அதன்மீது புதிய கிடுகுகளை வைத்துக் கட்டினேன். ஒரே நாளில் வேலை முடிந்தது, பார்வைக்கும் அழகாயிருந்தது. கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு மழையோடு காற்றும் எழுந்தது. புதிய கிடுகுகள் கப்பற்பாய் போலக் காற்றை ஏற்க, வேலியில் 20 அடி வரை அப்படியே நிலத்திற் சாய்ந்தது. விடியுமுன் இரண்டு மாடுகள் உட்புகுந்து, பூக்கத் தொடங்கியிருந்த ஏறக்குறைய 200 கத்தரிக் கன்றுகளைத் தின்றும் மிதித்தும் தீர்த்துவிட்டன. வேலியை நிமிர்த்த வந்த அயல்வீட்டு முதியவர் விழுந்த கதியால் ஒன்றைக் கையாலேயே ஒடித்துக் காட்டி, "தம்பி, செத்த கதியாலுக்கல்லோ புதுச்சட்டை போட்டிருக்கிறாய்" என்றார். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அந்த 60 அடியில் நின்ற 49 கதியால்களுள் 31 உயிரற்றவையாகவே இருந்தன.

நான் விட்ட பிழையையே பலரும் விட்டு வருகின்றனர். பழுதடைந்த வேலியென்றால் கிடுகு பழுதடைந்ததாகவே எண்ணுகின்றோம். கிடுகு உக்குவது இயல்பு. அது வெயிலையும் மழையையும் தாங்கி ஓரிரு வருடங்களில் உக்கியே தீரும். வேலியைத் தாங்குவது கதியால். ஆகவே செப்பனிடும் வேலையைக் கதியாலிலிருந்தே தொடங்குதல் வேண்டும்; கையிலுள்ள பணமும் ஆட்பலமும் முதலில் அதற்கே செலவாதல் வேண்டும்.

வேலியைச் சோதித்தல்

ஆவணி மாதத்திலோ புரட்டாதி முற்பகுதியிலோ, மழை தொடங்குமுன், ஒரு காலை வேளையை இதற்கென ஒதுக்கிக் கொள்ளுங்கள். பழைய கிடுகுகளை முற்றாகக் கழற்றிவிடுக. இவ்விடத்தில் அவசரம் கூடாது. ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த கிடுகுகளுக்கிடையே புடையன் பாம்பும், தேளும், குளவிக் கூடும் இருத்தல் கூடும். ஆகவே காலுக்குச் சப்பாத்து அணிந்து, நீண்ட தடியினால் முதலில் தட்டி, பின்னரே கை வைத்தல் வேண்டும். போர் நடைபெற்ற இடங்களிலும், அண்மையில் மீளக் கையளிக்கப்பட்ட காணிகளிலும் குழி தோண்டும்போது அறிமுகமற்ற உலோகப் பொருள் ஏதேனும் தென்பட்டால் அதைத் தொடவோ அசைக்கவோ வேண்டாம். வேலையை நிறுத்தி, அவ்விடத்துக்கு ஓர் அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ உடனே அறிவியுங்கள்.

கிடுகு கழன்ற பின் ஒவ்வொரு கதியாலாகச் சோதிக்கலாம். இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடாது நிற்பதெல்லாம் உயிருள்ளதென்று கொள்ளலாகாது. அயலிலுள்ள வரிச்சு அதைத் தாங்கி நிற்கவுங் கூடும். ஆதலால் நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் மரப்பட்டையை நகத்தினாலோ கத்தி நுனியினாலோ சிறிது சுரண்டுக. உள்ளே பச்சையாக இருப்பின் உயிருண்டு. கபில நிறமாக உலர்ந்திருப்பின் இன்னுஞ் சற்றுக் கீழே சுரண்டிப் பார்க்க வேண்டும். மேற்பாகம் பட்டுப்போயும் அடிப்பாகம் உயிரோடிருக்கும் கதியால்கள், சிறப்பாகப் பூவரசில், பல உண்டு. இவற்றைப் பிடுங்கி எறிதல் வீண் நட்டம். உயிருள்ள இடத்துக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டிவிட்டால் மழையோடு புதிய தளிர்கள் தோன்றும். அவற்றுள் நேரான இரண்டை மாத்திரம் விட்டு மற்றையவற்றைக் கிள்ளிவிடுக. முற்றாக இறந்தவற்றுக்குச் சுண்ணாம்பினால் ஓர் அடையாளமிட்டு, எத்தனை என்பதை எண்ணிக் கொள்ளுங்கள். வாங்கவோ வெட்டவோ வேண்டிய புதுக் கதியாலின் தொகை அதுவே.

அயலவரை அழைத்தல்

அடையாளமிட்ட கதியால்களைப் பிடுங்குமுன், அயற்காணிக்காரரை அழைத்து வேலி நெடுகிலும் ஒருமுறை சேர்ந்து நடந்து வருதல் மிக அவசியம். இது வெறும் மரியாதைக்காக மாத்திரமன்று. ஒரு கதியாலைப் பிடுங்கிய பின் அதன் குழி ஒரு மழையில் தூர்ந்துவிடும். பின்னர் நடுபவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும், கல்லோ வேரோ தடுத்த இடத்தில் ஒரு சாண் இப்பாலோ அப்பாலோ நட்டுவிடுகின்றார். ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் ஒரு சாண் நகர்ந்த வேலி, மக்கள் காலத்தில் நீதிமன்றத்துக்குப் போன வழக்காக மாறியதை நாமனைவரும் அறிவோம். வழக்குச் செலவு அந்த ஒரு சாண் நிலத்தின் பெறுமதியைப் பன்மடங்கு மிஞ்சியிருக்கும்.

இரு மூலைகளிலும் உயிரோடு நிற்கும் பழைய கதியால்களுக்கிடையே கயிறு பிடித்து, இருவரும் ஒப்புக்கொண்ட பின்பே வேலையைத் தொடங்குக. ஐயமிருப்பின் உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். எல்லைக்கல் இருப்பின் மண்ணை விலக்கி வெளிப்படுத்திக் கொள்ளுங்கள். மூலைகளில் நிற்கும் பழம் பூவரசை எக்காரணங் கொண்டும் அடியோடு அகற்ற வேண்டாம். 1995-ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, காலங்கடந்து திரும்பியவர்களுள் வீடும் கிணற்றுக்கட்டும் அடையாளந் தெரியாதிருந்த நிலையில், பற்றைக்குள் தளிர்த்து நின்ற பூவரசின் அடிக்கட்டையைக் கொண்டே தம் எல்லையைக் கண்டுகொண்டோரும் உளர்.

எந்த மரத்திற் கதியால் வெட்டுவது?

நம் வேலிகளில் வழக்கமாக நிற்பவை கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்பன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணமுண்டு. ஒரே மரத்தினால் முழு வேலியையும் நிரப்புவதிலும் இரண்டு மூன்று மரங்களைக் கலந்து நடுவதே நன்று. ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றையது நிற்கும்.

கிளுவை வரட்சியை நன்றாகத் தாங்கும். குறைந்த ஈரத்திலும் வேர்கொள்ளும். நீரூற்ற வசதியற்ற மேட்டு வளவுகளுக்கு இதுவே பொருத்தமானது.

பூவரசு உறுதியான மரம், காற்றுக்கு அசையாது. குழையும் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூவரசும் வெண்டியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவரசின் காயிலும் விதையிலும் பெருகும் சிவப்பு மூட்டைப்பூச்சி வெண்டியையும் தாக்கும். ஆகவே வெண்டிப் பாத்தி வேலியை ஒட்டி அமையுமாயின் அப்பகுதியில் வேறு மரத்தை நடுவது புத்தி. ஏற்கெனவே பூவரசு நிற்பின் காய் முற்றுமுன் கொப்புகளை வெட்டிவிடுங்கள்.

முள்முருக்கு ஒரு காலத்தில் நம் வேலிகளின் அரசனாக இருந்தது. ஆடுகள் விரும்பியுண்ணும்; அவரையினத்தைச் சேர்ந்ததாதலின் வளியிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளிற் பதிக்கும். 2004-ஆம் ஆண்டில் அறிவியலாளரால் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஒரு நுண்ணிய குளவி இம்மரத்தின் தளிரிலும் இலைக்காம்பிலும் முட்டையிட்டு, அவை புடைத்துச் சுருண்டு போகும்படி செய்கின்றது. கடுமையாகத் தாக்கப்பட்ட மரம் இலையிழந்து பட்டுப்போதலும் உண்டு. புடைப்புக் காணும் மரத்திலிருந்து கதியால் வெட்டி வேறு ஊருக்குக் கொண்டு செல்ல வேண்டாம். தாக்கப்பட்ட தளிர்களை வெட்டி எரித்துவிடுக.

சீமைக்கிளுவை மத்திய அமெரிக்காவுக்குரிய மரம். தேயிலை, கொக்கோ முதலியவற்றுக்கு நிழல்மரமாக இந்நாட்டில் வளர்க்கப்பட்டுப் பின் வேலிகளிலும் இடம்பெற்றது. கதியாலாக நட்டால் விரைவில் வேர்கொள்ளும், வெட்ட வெட்டத் தழைக்கும், இதுவும் அவரையினமே. இதன் 100 கிலோ பச்சைக் குழையில் ஏறக்குறைய முக்கால் கிலோ நைதரசன் உண்டு. இது ஒன்றரைக் கிலோ யூரியாவிலுள்ள நைதரசனுக்குக் கிட்டத்தட்டச் சமமானது. 2021-ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, யூரியாவுக்காகக் கமக்காரர் அலைந்த நாட்களில், வேலி நிறையச் சீமைக்கிளுவை வைத்திருந்தவர்களும் முழுத் தேவையையும் அதனாலேயே நிறைவேற்றினார்களென்று சொல்வது மிகையாகும். ஒரு ஏக்கர் வயலுக்கு வேண்டிய குழையை ஒரு வளவு வேலி தராது. ஆயினும் வீட்டுக் காய்கறிப் பாத்திகளுக்கு அது தாராளமாகப் போதும். யூரியா வாங்கும் செலவில் ஒரு பகுதி ஒவ்வொரு போகத்திலும் மிஞ்சும். புதிதாக நடுபவர்களுக்கு நான் பெரும்பாலும் இம்மரத்தையே சிபார்சு செய்கின்றேன்.

ஆடு வாய்வைக்கும் அடிப்பகுதிக்கு ஆடாதோடையையும் மறக்க வேண்டாம். பெயரே அதன் குணத்தைச் சொல்லும். தண்டுத் துண்டுகளைக் கதியால்களுக்கிடையே நட்டால் இரண்டாம் வருடத்தில் நெருங்கிய பச்சைச் சுவராகிவிடும். கோழியும் நுழைவது கடினம்.

கதியால் நடுதல்

கதியாலை ஐப்பசியில் முதல் மழை நன்றாக இறங்கி, நிலம் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்த பின் நடுதல் நன்று. வரண்ட நிலத்தில் நட்டு மழைக்குக் காத்திருப்பதால் கதியாலின் ஈரம் வற்றிவிடும். கார்த்திகை கடந்து நட்டாலோ, வேர் ஆழமாக இறங்குமுன் பங்குனி வெயில் வந்துவிடும்.

மணிக்கட்டுப் பருமனும், 6 முதல் 7 அடி வரை நீளமும், முதிர்ந்த பட்டையுமுடைய நேரான கொப்புகளைத் தெரிவு செய்க. இளம்பச்சைக் கொப்பு அழுகிவிடும். மேல்நுனியைச் சாய்வாக வெட்டினால் மழைநீர் தங்காது வழிந்தோடும். வெட்டும்போது பட்டை கிழியாதிருக்கக் கூரிய கத்தியைப் பாவிக்க வேண்டும். வெட்டிய கதியால்களை இரண்டு மூன்று நாட்களுக்கு நிழலில் நிமிர்த்திச் சாத்தி வைத்தால் வெட்டுவாய் உலர்ந்து ஆறிவிடும். எந்த முனை அடி, எந்த முனை நுனி என்பது மாறிப்போகாதவாறு அடையாளமிட்டு வையுங்கள். தலைகீழாக நட்ட கதியால் சில வேளை தளிர்த்துக் காட்டினாலும் நிலைப்பது அரிது.

குழியை அலவாங்கினால் ஒன்றரை அடி ஆழத்துக்கு இடுக. கதியாலைச் சுத்தியலால் அடித்து இறக்கும் வழக்கம் மிகத் தவறானது. அடிக்கும்போது அடிப்பட்டை உரிந்துவிடுகின்றது. வேர் தோன்றுவது அப்பட்டையிலிருந்தேயாகும். குழியைக் கதியாலிலும் சற்று அகலமாக இட்டு, கதியாலை நிறுத்தி, மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டுத் தடியினால் இடித்து இறுக்குங்கள். இரண்டு கதியால்களுக்கிடையே ஒன்றேகால் அடி இடைவெளி போதும். மேல் வெட்டுவாயைச் சாணமும் களிமண்ணும் குழைத்து மூடிவிடுக.

பழைய வேலியில் இடையிடையே புதுக் கதியால் நடும்போது ஒரு தொல்லை உண்டு. இருபுறமும் நிற்கும் பழைய மரங்களின் வேரும் நிழலும் புதியதை வளரவிடா. ஆதலின் அவ்விடங்களில் அலவாங்குக் குழி போதாது. ஒரு அடி நீள அகலமுள்ள குழி வெட்டி, குறுக்கே வரும் பழைய வேர்களை அறுத்து, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நடுதல் வேண்டும். அயலிலுள்ள பழைய மரங்களின் கொப்புகளையும் அதே நாளில் வெட்டி வெளிச்சம் விடுங்கள். வெட்டாமல் விட்ட இடங்களிலேயே கதியால் பட்டுப்போனதென்று பின்னர் முறைப்பாடு வருகின்றது.

வரிச்சும் கிடுகும்

புதுக் கதியால் வேர்கொள்ளும் முதல் மூன்று மாதமும் அதை அசைக்காதிருத்தல் முக்கியம். ஆகவே நட்டவுடனே அதன்மீது கிடுகின் பாரத்தைச் சுமத்த வேண்டாம். பழைய, உறுதியான கதியால்களிலேயே வரிச்சுகளை இறுகக் கட்டி, புதியவற்றை அவற்றோடு தளர்வாகச் சேர்த்துவிடுக. இறந்தவை அதிகமாயிருந்து வேலி முழுவதும் புதிதாயின், 8 அடிக்கு ஒன்றாகப் பனங்குற்றியோ சீமெந்துத் தூணோ நிறுத்தி, ஒரு வருடத்துக்கு அவையே பாரத்தைத் தாங்கும்படி செய்யலாம். மரக்குற்றியின் அடிக்குக் கழிவு எண்ணெய் பூசும் வழக்கத்தைக் கைவிடுங்கள். குடாநாட்டுக் கிணறுகளிற் பெரும்பாலானவை சுண்ணாம்புக்கல்லின் ஊடாக ஊறும் நீரை நம்பியவை. நிலத்தில் இட்ட எண்ணெய் அந்நீரைச் சேரும்.

கிடுகைக் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி, மேல்வரிசை கீழ்வரிசையின்மீது ஒரு சாண் படியுமாறு கட்டினால் மழைநீர் உள்ளே இறங்காது. கீழ்க் கிடுகை நிலத்தில் முட்டவிடுவதே கறையானுக்கு நாம் இடும் விருந்து. நிலத்துக்கும் கிடுகுக்குமிடையே நாலு விரல் இடம் விட்டு, அந்த இடைவெளியைக் கருக்குமட்டை நெருக்கி நட்டு அடைத்துவிடுக. மட்டையைக் கறையான் அரித்தாலும் அதை மாத்திரம் மாற்றுவது எளிது, கிடுகு தப்பும். ஒருவர் வளவுக்குள்ளும் மற்றவர் வெளியிலுமாக நின்று குத்தூசியால் கயிறு வாங்கிக் கட்டும் பழைய முறையே இன்றுஞ் சிறந்தது. அயலவரே மறுபக்கத்தில் நிற்பாராயின் மேலே சொன்ன எல்லை விடயமும் அப்போதே தீர்ந்துவிடும்.

கயிற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நைலோன் கயிறும் கம்பியும் உக்குவதில்லை. உயிருள்ள கதியாலைச் சுற்றி இறுகக் கட்டிய நைலோன், மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் புதைந்து, அதன் குரல்வளையை நெரித்தாற்போல் உணவோட்டத்தைத் தடுத்துவிடும். என் வேலியிலே இறந்திருந்த 31 கதியால்களுள் ஒன்பதின் பட்டைக்குள் பழைய நைலோன் புதைந்திருந்தது. தும்புக் கயிறோ பனைநாரோ கொண்டு கட்டுக; அது உக்கிப்போகும், மரமும் பிழைக்கும். முட்கம்பி இழுப்பவர்கள் கம்பியை மரத்தைச் சுற்றாது, இடையே ஒரு மரச்சிராயை வைத்து அதன்மேல் வளைந்த ஆணியால் அறைந்து கொள்ளலாம்.

பின் பராமரிப்பு

முதலாம் வருடத்திற் குழை வெட்ட ஆசைப்பட வேண்டாம். பாகல், புடோல் முதலிய கொடிகளையும் அம்மாரியில் புதுக் கதியாலிற் படரவிடலாகாது. காய்த்த கொடியின் பாரமும் காற்றும் சேர்ந்து கதியாலை அசைத்து, அரும்பிய வேரை அறுத்துவிடும். தை முதல் சித்திரை வரையில், மழையற்ற காலத்தில், பத்து நாட்களுக்கு ஒருமுறை அடிக்கு இரண்டு வாளி நீர் ஊற்றினால் பெரும்பாலானவை நிலைத்துவிடும்.

இரண்டாம் வருடத்திலிருந்து மூன்று நான்கு மாதங்களுக்கொரு முறை குழை வெட்டலாம். நீர்ப்பாய்ச்சிச் சேறடிக்கும் வயலாயின் விதைப்புக்கு ஏறக்குறைய இரு வாரங்களுக்கு முன் குழையைப் பரப்பி உழுது தாழ்த்துங்கள். காய்கறிக்காயின் கன்றின் அடியிலிருந்து ஒரு சாண் விலக்கி மூடாக்காக இட்டால் ஈரமுங் காக்கப்படும். சீமைக்கிளுவைக் குழையை ஆடு முதலில் அதன் மணத்துக்காக ஒதுக்கும். அரைநாள் வாடவிட்டு, மற்றைத் தீனோடு மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமற் கலந்து கொடுத்துப் பழக்குக.

வேலியோரத்திற் பார்த்தீனியம் முளைத்திருப்பின் பூக்குமுன்பே, கைக்கு உறையிட்டு, வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். மழைக்குப் பின் இரு கிழமைக்கு ஒருமுறை, ஒரு மண்வெட்டியோடு வேலி நெடுகிலும் நடந்து பாருங்கள். சாய்ந்த கதியாலின் அடிக்கு அன்றே மண் அணைப்பது ஐந்து நிமிட வேலை. ஆட்டைக் கட்டுவதற்கு வேறு முளை அடித்துக் கொள்ளுங்கள். புதுக் கதியாலிற் கட்ட வேண்டாம்.